மூன்று பேர் காதில் விழ வேண்டும்

என் மூக்கு செத்துப்போனபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் முப்பது வருடமாக ஆட்டுத்தோலை ரகம் பிரிக்கிற வேலை எனக்கு. பச்சைத்தோலும் சுண்ணாம்புக் குழியும் சேர்ந்தால் என்ன வாடை வரும் என்பதை அங்கே வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையைத் தேடுவார். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் வாரம் சோறு இறங்காது. அப்படிப்பட்ட இடத்தில், ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு நாளா ஒரு வாடையும் தெரியலப்பா" என்று சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த மூத்த தொழிலாளி வாயில் இருந்த சோற்றோடு சிரித்தார்.

"எனக்கெல்லாம் பத்து வருசத்துக்கு முன்னாடியே மூக்கு செத்துப்போச்சு. அல்லா ஒனக்கு இப்பத்தான் கருணை காட்டியிருக்கான். இனிமேத்தான் நீ முழு ஆளு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு ஒருவர் டீ கூட வாங்கிக் கொடுத்தார். வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் வாசனை போன மனிதன் டாக்டரிடம் ஓடியிருப்பான். எங்கள் தொழிலில் அது பதவி உயர்வு. அந்தப் பதவியில் ஒரு வருடம் இருந்தேன். மூக்கு அடைத்தது, பொருக்குத் தட்டியது, சிந்தினால் ரத்தம் வந்தது. சுண்ணாம்புத் தூசி என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். முட்டாள்தனம்தான். ஆனால் தனி முட்டாள்தனம் இல்லை, கிடங்கு மொத்தமும் சேர்ந்து செய்தது.

இதை எழுத உட்கார்ந்தது மூக்கைப் பற்றிப் புலம்ப அல்ல. ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்லத்தான். எங்களில் ஒரு பெண்ணுக்கு நிக்காஹ் நடக்கும்போது, பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்று சபையறியச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்பார். அவ்வளவுதான் கல்யாணம். மற்றதெல்லாம் பிரியாணி. தகப்பனால் முடியாவிட்டால், அவனுக்குப் பதிலாக வக்கீல் என்று ஒருவரை நியமித்து அவரைச் சொல்லச் சொல்லலாம். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. எனக்கு ஒரே மகள். அவளுடைய உம்மா கண்ணை மூடி, மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. அந்த வாக்கியத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் வாக்கியத்துக்கு நேரம் வந்தபோது என்னிடம் குரல் இல்லை.

முதலில் போனது பள்ளிவாசல்.

தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது மூக்குக்குள் தண்ணீர் செலுத்தி மூன்று தடவை சிந்த வேண்டும். எங்கள் பள்ளியில் நடுவில் ஹவுள் இருக்கிறது. சுற்றிலும் படிக்கட்டு வைத்த தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்துதான் எல்லோரும் கை கால் கழுவுவோம். ஒரு வெள்ளிக்கிழமை நான் மூக்கைச் சிந்தியபோது விரல் நுனி அளவுக்கு ஒரு பொருக்கு ரத்தத்தோடு வந்து விழுந்து காலடிக் கால்வாயில் மெதுவாகப் போனது. எனக்கு அடுத்து ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரும் அது போவதைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் நிர்வாகத்தில் உள்ள ஒரு பெரியவர் என் தோளில் கை போட்டு, "பாய், ஒங்களுக்குக் குனிய செரமமா இருக்கும். பின்னாடி குழா இருக்குல்ல, அங்ஙன செஞ்சுக்கங்களேன்" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? குழாயடிக்குப் போனேன்.

கொரோனாக் காலத்தில் தொழுகை வரிசையில் ஆளுக்கு ஆள் இடம் விட்டு நின்றோம். அது முடிந்ததும் எல்லோரும் பழையபடி தோளோடு தோள் சேர்ந்துகொண்டார்கள். என் வலப்பக்கமும் இடப்பக்கமும் மட்டும் இன்னும் கொரோனா முடியவில்லை. வரிசையில் ஓட்டை விடக் கூடாது என்று தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் ஒவ்வொரு தொழுகைக்கும் சொல்வார். சொன்னதும் பக்கத்தில் நிற்பவர் அரை அடி நகர்வார். அரை அடிக்கு மேல் நகர மாட்டார். சில மாதம் பார்த்தேன். பிறகு வீட்டிலேயே தொழ ஆரம்பித்தேன். ரோஷக்காரன் என்று என் மனைவி சொல்வாள். இருந்திருந்தால் அன்றைக்கும் சொல்லியிருப்பாள்.

குரல் மாறியதை முதலில் கண்டுபிடித்தது மகள். அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். தினமும் வேலை முடிந்து போன் பண்ணுவாள்.

"அத்தா, வாயில எதையும் வச்சுக்கிட்டுப் பேசுறீங்களா?" என்றாள் ஒருநாள்.

"இல்லியே."

"சூடான கெழங்கு வாயில இருக்குற மாதிரி இருக்கு ஒங்க சத்தம். டாக்டர்ட்டப் போங்க. நாளைக்கே போங்க."

போனேன். ஊரிலேயே ஒரு டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டையில் வீக்கம், மூக்கில் புண். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். டிபியாக இருக்கலாம் என்று முடிவு வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படி முடிச்சு முடிச்சாக வீங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு டாக்டர்கள் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம். ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறத்தில் வந்தது. வாந்தி, மூட்டுவலி, சோற்றைக் கண்டால் வெறுப்பு. வீக்கம் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

மாத்திரை கொடுத்ததோடு விடவில்லை. வீட்டில் இருப்பவர்கள், அடிக்கடி வந்து போகிறவர்கள் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர் வந்தார். என் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிறவர்கள் என் தம்பி குடும்பம்தான். தம்பி அடுத்த தெருவில் இருக்கிறான். மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறான், நல்ல கனத்த குரல், கடைக்குள் இருந்து கூப்பிட்டால் தெருமுனையில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இரண்டையும் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அந்த மெஷினுக்கு முன்னால் வீறிட்டு அழுததைத் தம்பியால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தால் உள்ளே வர மாட்டான். வாசற்படியில் நின்றபடியே பேசுவான்.

"செத்த நேரம் உக்காரேன்" என்பேன்.

"இல்லண்ணே, கடையில ஆளு இல்ல. இன்னொரு நாளைக்கு வாரேன்."

மகள் ஊரில் இல்லாத நாட்களில் தம்பி வீட்டில் இருந்துதான் எனக்கு வெஞ்சனம் வரும். என் மனைவி போனதில் இருந்து அந்தப் பழக்கம். எவர்சில்வர் தூக்கில் வரும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். இரண்டு பழமோ, ஒரு பிடி கடலையோ போட்டு அனுப்புவேன். பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கும் என்று ஆசை. மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் இருந்து, ஓட்டலில் பார்சல் கட்டித் தருகிற பிளாஸ்டிக் டப்பாவில் கறியும் குழம்பும் வந்தது. தின்றுவிட்டுக் குப்பையில் போட்டுவிடலாம். திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. கறி அதே கறிதான், ஒரு துண்டு கூடக் குறையவில்லை. தம்பி மனைவி கை தாராளமான கை. ஆனாலும் அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நோயினால் அடைத்தது பாதி, இதனால் அடைத்தது பாதி.

ஆறு மாதம் முடிந்தும் குரல் இன்னும் மோசமானதும் மதுரைக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரி. மறுபடியும் சதை எடுத்தார்கள். நெஞ்சை ஸ்கேன் பண்ணினார்கள். நாலு தடவை பஸ்ஸில் போய் வந்தேன். கடைசியில் ஒரு பெண் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இது டிபி இல்லைய்யா. சார்காய்டோசிஸ்னு பேரு. நம்ம ஒடம்புல காவலுக்கு அணுக்கள் இருக்குல்ல, அதுங்க எதிரியே வராத எடத்துல கூட்டமா கூடி நிக்கிது. கூடுன எடத்துல எல்லாம் சின்னச் சின்ன முடிச்சா விழுந்து வீங்கிருது. நெறையப் பேருக்கு நெஞ்சுல வரும். ஒங்களுக்கு மூக்குலயும் குரல்வளை மேலயும் புடிச்சிருக்கு."

"ஏன் கூடுது?" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"அது இன்னும் யாருக்கும் தெரியாது."

திருடன் வராத வீட்டில் தெரு நாயெல்லாம் கூடிக் குரைக்கிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். டாக்டர் கம்ப்யூட்டரில் என் தொண்டையைக் காட்டினார். மூச்சுக்குழாய்க்கு மேலே மூடி மாதிரி இருக்கிற சதை வெளுத்துப் பருத்து, துணியைச் சுற்றிக் கட்டிய தலைப்பாகை மாதிரி இருந்தது. "புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கும், தலைப்பாகை மாதிரின்னு" என்றார். என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைக்கு முன்னால் என் தொண்டை தலைப்பாகை கட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்ல நினைத்தேன். சொல்லச் சத்தம் இல்லை. நல்ல நகைச்சுவை ஒன்று இப்படி வாய்க்குள்ளேயே செத்துப்போனால் வருகிற துக்கம் தனி.

நான் கேட்டது ஒன்றுதான். செல்போனில் எழுதிக் காட்டினேன்: "இது ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாது. நீங்க யாருக்கும் குடுக்கவும் முடியாது, யார்ட்ட இருந்தும் வாங்கவும் இல்ல."

அதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டேன். அவர் எழுதினார். "இவருக்கு இருப்பது தொற்று நோய் அல்ல." மூக்கைத் தினமும் உப்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு உப்பைத் தனியாக வேறு போட வேண்டுமா என்று கேட்கத் தோன்றியது. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீராக இருக்க வேண்டுமாம்.

திரும்பி வரும்போது கொடைரோட்டில் ஒரு அம்மா பூ மூட்டையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லிகையாகத்தான் இருக்கும், எனக்கு வாசனை தெரியவில்லை. மூச்சு வாங்கி நான் இருமியதும், "பூ வாசம் ஒத்துக்கலையாண்ணே, தள்ளி வைக்கவா?" என்று என் கையைத் தொட்டுக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். திண்டுக்கல் வரும் வரைக்கும் அவர் தன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்தப் பயணம் அவ்வளவு சுகமாக இருந்தது. இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

டாக்டர் கொடுத்த தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். கிடங்கில் காட்டினேன், பள்ளிவாசல் பெரியவரிடம் காட்டினேன், தம்பியிடம் காட்டினேன். எல்லோரும் படித்தார்கள். படித்துவிட்டுத் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நோயின் பெயரைச் சொன்னால் அதற்கு மேல் சங்கடம். டிபி என்றால் எல்லோருக்கும் தெரியும், அதற்கு மருந்து இருக்கிறது, ஆறு மாதத்தில் போய்விடும். இதுவோ வாயில் நுழையாத பெயர், ஏன் வருகிறது என்று டாக்டருக்கே தெரியாதாம். "டாக்டருக்கே தெரியலன்னா ஒட்டாதுன்னு மட்டும் எப்புடிண்ணே தெரியும்?" என்று தம்பி கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை. அதனால் சர்க்கரை ஏறியது, முகம் நிலா மாதிரி உருண்டது, கன்னம் பளபளவென்று வந்துவிட்டது. ஊர்க்கண்ணுக்கு அது ஆரோக்கியமாகத் தெரிந்தது. மகளுக்கு ஒட்டன்சத்திரத்தில் சம்பந்தம் பேசி முடித்த சமயம் அது. காய்கறி வியாபாரக் குடும்பம், நல்ல மனிதர்கள். சம்பந்தி என்னைப் பார்த்து, "ஏனுங்க சம்பந்தி, பொண்ணு கல்யாணம்னதும் பூரிச்சுப் போயிட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். உள்ளே ஒரு ஆள் மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தான், வெளியே அவனுடைய முகத்தை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சிரித்தேன். கன்னம் கனத்தது.

நிக்காஹ்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது படியேறினால் மூச்சில் விசில் சத்தம் வர ஆரம்பித்தது. மதுரை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பாதை ரொம்பக் குறுகிவிட்டது, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டி வரலாம் என்றார். நான் செல்போனில் எழுதினேன்: "ஒரு மாதம் கழித்து வைக்கலாமா? கல்யாணத்தில் நான் பேச வேண்டும்."

"மூச்சு முக்கியமா, பேச்சு முக்கியமா?" என்று அவர் முதல் முறையாகக் கோபப்பட்டார்.

நான் பதில் எழுதவில்லை. எழுதினால் பேச்சு என்றுதான் எழுதியிருப்பேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, மயக்கம் கொடுத்து வீங்கிய இடத்திலேயே ஊசி போட்டுப் பார்ப்போம், அதற்கும் அடங்காவிட்டால் குழாய்தான், அப்போது மறுபேச்சுப் பேசக் கூடாது என்றார். போட்டார்கள். பத்து நாளில் விசில் நின்றது, மூச்சு தடையில்லாமல் இறங்கியது. கழுத்துத் துளை தள்ளிப்போனது. குரல் மட்டும் திரும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. கிட்டே வந்து காதைக் கொடுத்தால் வார்த்தை புரியும். யாரும் கிட்டே வருவதில்லை என்பதால் அது எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் தம்பி வாசற்படியில் நின்று சொன்னான்.

"அண்ணே, ஹஜ்ரத்துகிட்டப் பேசிட்டேன். நீ என்னைய வக்கீலா போட்டுரு. அந்த வார்த்தைய நான் சொல்லிர்றேன். நீ சும்மா பக்கத்துல உக்காரு, போதும்."

என் உடம்பெல்லாம் எரிந்தது. சத்தம் இருந்திருந்தால் தெருவே கூடியிருக்கும். கதவைச் சாத்தினேன். அவன் வெளியே நின்று, "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அன்றைக்கு மகள் போனில் பேசினாள். நான் கேட்பேன், அவள் பேசுவாள், கடைசியில் நான் போனை இரண்டு தட்டுத் தட்டினால் சரி என்று அர்த்தம். "அத்தா, சின்னத்தாவே சொல்லட்டுமே. நீங்க செரமப்படாதீங்க. மேல பொம்பளைங்க பக்கம் ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேக்கணும்ல? யார் சொன்னா என்ன, எனக்கு நீங்கதானே அத்தா" என்றாள். பிரியத்தோடுதான் சொன்னாள். நான் போனைத் தட்டவில்லை. அந்த வாக்கியம் எனக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குரல் பெருசா இருக்கணும்னு எங்கயும் சொல்லலை. மாப்பிள்ள காதுல விழணும். ரெண்டு சாட்சி காதுல விழணும். அம்புட்டுதான். மூணு பேருக்குக் கேட்டாப் போதும், நிக்காஹ் கூடிரும்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அவங்க கிட்ட வரணும்ல" என்றார்.

அதுதான் விஷயம். மூன்று பேர் என் வாய்க்கு அருகே காதைக் கொண்டுவர வேண்டும். இரண்டு வருடமாக ஒரு ஊரே இரண்டு அடி தள்ளி வைத்த வாய். மாப்பிள்ளைக்கு நானே செய்தி அனுப்பினேன்: எனக்கு இருப்பது ஒட்டாது, டாக்டர் எழுதிய தாளின் படம் இது, அன்றைக்கு நீங்கள் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். "சரிங்க மாமா" என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தையை ஒரு நாள் முழுக்க எடுத்து எடுத்துப் படித்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு சாட்சி என்று அவர்கள் பக்கம் முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்துச் சாட்சியாக ஹஜ்ரத் என் தம்பியின் பெயரை எழுதிவிட்டார். வக்கீல் இல்லை என்றால் சாட்சியாகவாவது இருக்கட்டும், கூடப்பிறந்தவன் என்றார்.

மதிய நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்று சொல்லிப் பழகினேன். மகளின் பெயர், மாப்பிள்ளை அவளுக்குத் தருகிற மஹர் தொகை எல்லாம் சேர்ந்த முழு வாக்கியமும் ஒரே மூச்சில் வராது. மகளின் பெயருக்குப் பிறகு ஒரு மூச்சு. மஹர் என்ற வார்த்தைக்குப் பிறகு ஒரு மூச்சு. மீதியை ஒரே இழுப்பில் முடித்துவிடலாம். தொட்டிக்குக் கேட்டதா தெரியாது. நான் தினமும் முப்பது தடவை என் மகளை அந்தத் தொட்டிக்கு நிக்காஹ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நிக்காஹ் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேல்மாடியில் பெண்கள். இரண்டு சாட்சிகளும் மேலே போய் மகளிடம் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கி வந்தார்கள். ஹஜ்ரத் நிக்காஹ்வுக்கு முன் ஓதுகிற குத்பாவை ஓதி முடித்தார். மாப்பிள்ளை எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையை என் கையில் வைத்தார் ஹஜ்ரத். மாப்பிள்ளையின் கை வியர்த்திருந்தது. மைக்கை என் வாயருகே பிடித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வருகிற சத்தம் வந்தது. ஏதோ ஒரு குழந்தை சிரித்தது. யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். மேல்மாடியில் வளையல் சத்தம் நின்றது. மறுபடி முயன்றேன். அதே சத்தம், கூடுதலாக ஒரு இருமல்.

சம்பந்தி ஹஜ்ரத்தின் பக்கம் சாய்ந்து, "தம்பி சொல்லிரட்டுமுங்களே" என்றார். ஹஜ்ரத், "மைக்க அணைங்கப்பா" என்றார்.

மைக் அணைந்தது. அப்படியென்றால் மேலே மகளுக்குக் கேட்காது. அதை நினைத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை முன்னால் நகர்ந்தார். அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. தலையைக் குனிந்து காதை என் வாய்க்கு நேரே கொடுத்தார். அவர் தாய்மாமன் இடப்பக்கமாக வந்து குனிந்தார். வலப்பக்கம் காலியாக இருந்தது. தம்பி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். மாப்பிள்ளையின் தலைப்பாகை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சபை காத்திருந்தது. பிறகு என் தொடையில் ஒரு கை ஊன்றியது. கனமான கை. தம்பியின் காது என் உதட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது.

காது மடலில் அத்தர் நனைத்த பஞ்சைச் செருகியிருந்தான். என்ன அத்தர் என்று எனக்குத் தெரியவில்லை. காதுக்குள் இருந்த மயிர் முழுக்க நரைத்திருந்தது. என்னைவிட எட்டு வயது சின்னவன். எப்போது நரைத்தது என்று தெரியாது, நான் அவனை இவ்வளவு பக்கத்தில் பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. மூன்று பேருடைய சூடும் என் முகத்தைச் சுற்றி இருந்தது.

சொன்னேன். மகளின் பெயருக்குப் பிறகு ஒரு மூச்சு. மஹருக்குப் பிறகு ஒரு மூச்சு. பழகியபடியே வந்தது, ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். "ஏற்றுக்கொண்டேன்" என்று மாப்பிள்ளை மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மேலே பெண்கள் பக்கம் சத்தம் எழுந்தது. ஹஜ்ரத் சாட்சிகளைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றார். தாய்மாமன் தலையாட்டினார். தம்பி, "நல்லாக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். நானும் ஏந்தினேன். மகள் நன்றாக வாழ வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் அது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. அவர்களில் யாராவது ஒருவர், சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று மறுபடியும் என் பக்கம் குனிய மாட்டார்களா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.